ஒரே இரவில் 1,124 கட்டுரை இறக்கினேன், பல்கலைக்கழகத்துக்கே கதவடைத்துவிட்டார்கள்

இரவுப்பறவை எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். காலையிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை.

முனைவர் பட்ட ஆய்வில் இரண்டாம் ஆண்டு. முதல் அத்தியாயமே ஒரு சிஸ்டமேட்டிக் ரிவ்யூ, அதாவது ஒரு கேள்வி பற்றி வந்த ஆய்வுகளையெல்லாம் முறையாகத் தேடித் தொகுப்பது. தேடலெல்லாம் முடித்துப் பட்டியல் கையில் இருக்கிறது. பெரும்பாலானவை ஒரே பதிப்பகத்தின் தளத்தில், எங்கள் நூலகம் சந்தா கட்டும் இதழ்களில். ஒவ்வொன்றாகத் திறந்து, பிடிஎஃப் பொத்தானைத் தேடி, பெயர் மாற்றிச் சேமித்துப் பார்த்தேன். முதல் நாள் நாற்பதைத் தாண்டவில்லை, கழுத்து வலிதான் மிச்சம்.

எனக்குப் பைத்தான் ஓரளவு தெரியும். நேற்று ராத்திரி உட்கார்ந்து, கட்டுரைகளைத் தானாக இறக்க முப்பது வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். நூலக பிராக்ஸி வழியாக, என் சொந்த ஐடியில்தான் லாக்இன் செய்தேன். ஒன்றரை மணிக்கு ஓடவிட்டேன். இரண்டு விநாடிக்கு ஒரு கட்டுரை. ஆசிரியர் பெயர், ஆண்டு, தலைப்பு என்று கோப்புகள் தாமாகவே வரிசையாக வந்து விழுவதைப் பார்க்க அவ்வளவு நிம்மதியாக இருந்தது. நாற்பது நிமிஷத்துக்குள் 1,124 வந்து நின்றது. முடிந்துவிட்டது என்று நினைத்துப் படுத்துவிட்டேன். முடியவில்லை, நிறுத்தியிருக்கிறார்கள் என்பது காலையில்தான் தெரிந்தது.

ஒன்பது மணிக்கு ஆய்வகத் தோழி கூப்பிட்டு, "உனக்கு அந்தத் தளம் திறக்கிறதா? எனக்கு என்னவோ தடை என்று வருகிறது" என்றாள். பத்து மணிக்கு நூலகத்திலிருந்து மின்னஞ்சல். என் கணக்கை முடக்கிவிட்டார்களாம். "உரிம ஒப்பந்தத்துக்கு முரணான மொத்தப் பதிவிறக்கம்" என்று எழுதியிருக்கிறார்கள். பதிப்பகம் எங்கள் பல்கலைக்கழகம் முழுவதற்கும் அணுகலை நிறுத்திவிட்டது. இந்த வாரம் ஆய்வேடு சமர்ப்பிக்க வேண்டியவர்கள் இரண்டு பேர் எங்கள் துறையிலேயே இருக்கிறார்கள். அவர்கள் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

எனக்குப் புரியாதது இதுதான். சந்தா கட்டியாகிவிட்டது. நான் யாருக்கும் விற்கவில்லை, எங்கும் ஏற்றவில்லை, என் மடிக்கணினியைத் தாண்டி ஒரு கோப்பும் போகவில்லை. ஒரு நாளைக்கு இத்தனைதான் என்று எங்கேயும் எண் போட்டிருப்பதாகத் தெரியவில்லை. பிறகு இது எப்படிக் குற்றமாகிறது? இறக்கியதையெல்லாம் அழித்துவிடவா, வைத்திருக்கவா? நூலகத்துக்கு என்னவென்று பதில் எழுதுவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தெருமுனை எழுதியது:

இதுக்குப் போய் அழுவாங்களா? விபிஎன் போட்டு நண்பர் ஐடியில் நுழைந்து, இரண்டு விநாடியை இருபது விநாடி ஆக்கி ஓடவிடுங்கள், யாருக்கும் தெரியாது. இல்லையென்றால் எல்லாக் கட்டுரையும் சும்மா கிடைக்கிற அந்தத் தளம் இருக்கவே இருக்கிறது. பதிப்பகங்கள் அடிக்கிற கொள்ளைக்கு முன்னால் இதெல்லாம் ஒன்றுமே இல்லை.

பழையசாவி எழுதியது:

இரவுப்பறவை, தெருமுனை சொன்னதை மட்டும் செய்துவிடாதீர்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

இருபது வருஷமாக ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் மின்வளப் பிரிவில் இருக்கிறேன். உங்களுடையது இல்லை, வேறு. ஆனால் உங்கள் கதையை ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மறுபக்கத்திலிருந்து பார்க்கிறேன். அந்தப் பக்கம் என்ன தெரிகிறது என்று சொன்னால் பாதிக் குழப்பம் தீரும்.

பதிப்பகத்திலிருந்து எனக்கு வரும் மின்னஞ்சலில் உங்கள் பெயர் இருக்காது. ஒரு ஐபி முகவரி (இணையத்தில் ஒரு கணினியின் அடையாள எண்), ஒரு நேரம், ஓர் எண்ணிக்கை, அவ்வளவுதான். அந்த ஐபி முகவரி எங்கள் பிராக்ஸியுடையது. ஈஸிபிராக்ஸி போன்ற மென்பொருள்கள் (அது வந்தது 1999-ல், இன்றும் பல நூலகங்களில் அதுதான்) செய்கிற வேலையே இது: நீங்கள் வீட்டில் இருந்தாலும் விடுதியில் இருந்தாலும், வளாகத்தின் முகவரியை உங்களுக்கு இரவல் கொடுத்து உள்ளே அனுப்பும். ஆக, நீங்கள், உங்கள் தோழி, ஆய்வேடு சமர்ப்பிக்கப் போகிற இருவர், துறைத்தலைவர், எல்லோரும் பதிப்பகத்தின் கண்ணுக்கு ஒரே ஆள். அந்த ஒரே ஆள் ராத்திரி ஒன்றரை மணிக்கு இரண்டு விநாடிக்கு ஒன்றாக அள்ளிக்கொண்டிருந்தால், தடுப்பதற்கு அவர்கள் கையில் இருப்பது அந்த ஒரு முகவரிதான். உங்களை மட்டும் பிரித்தெடுத்து நிறுத்த அவர்களுக்கு வழியில்லை. யார் எப்போது எதை இறக்கினார் என்று குறித்துவைக்கும் எங்கள் பிராக்ஸி லாகை வைத்து மட்டுமே அதைச் செய்ய முடியும்.

அந்த லாகைப் பற்றியும் சொல்கிறேன். மனிதர் வந்துபோன தடமும் இயந்திரத்தின் தடமும் பார்த்த மாத்திரத்தில் தெரியும். மனிதர் தேடுவார், சுருக்கத்தைத் திறப்பார், கால்மணி நேரம் காணாமல் போவார், திரும்பி வந்து ஏற்கெனவே இறக்கிய அதே கட்டுரையை மறுபடி இறக்குவார், எங்கே சேமித்தோம் என்று மறந்திருப்பார். இயந்திரம் சுருக்கத்தைத் திறப்பதே இல்லை. 1:31:04, 1:31:06, 1:31:08 என்று கடிகாரமாட்டம் பிடிஎஃப் மட்டும். தொகுதி, இதழ், பக்கம் என்று வரிசை பிசகாது. பிழைதிருத்தம், மாநாட்டு அறிவிப்பு, ஆசிரியர் குழுப் பட்டியல் என்று ஒன்றையும் விடாது. ஆசிரியர் குழுப் பட்டியலை நள்ளிரவில் தேடிப் படிக்கிற ஒரு மனிதரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

சரி, இது ஏன் தவறு என்று கேட்டீர்கள். இதைப் பதிப்புரிமைச் சட்டமாக யோசிப்பதால்தான் குழப்பம் வருகிறது. இங்கே முதலில் வருவது ஒப்பந்தம். அச்சு இதழ் காலத்தில் நூலகம் இதழை வாங்கியது, அலமாரியில் இருந்தது நம்முடையது. மின்னிதழில் நாங்கள் வாங்குவது பயன்படுத்தும் உரிமை மட்டும். அதில் யார் பயன்படுத்தலாம் என்று ஒரு பட்டியல் இருக்கும்: மாணவர், ஆசிரியர், ஊழியர், பல ஒப்பந்தங்களில் நூலகத்துக்கு நேரில் வந்து உட்கார்ந்து படிக்கும் வெளியார்கூட. படித்து முடித்துப் போன பழைய மாணவர்கள் பெரும்பாலும் அதில் இருக்க மாட்டார்கள். எதற்குப் பயன்படுத்தலாம் என்று இன்னொரு பட்டியல். படிக்கலாம், சொந்த ஆய்வுக்காகத் தனித்தனிக் கட்டுரைகளைச் சேமிக்கலாம், அச்செடுக்கலாம், மேற்கோள் காட்டலாம். "திட்டமிட்டு வரிசையாக" இறக்குவதும், தானியங்கி நிரல் வைத்து இறக்குவதும், ஓர் இதழின் "கணிசமான பகுதியை" நகலெடுப்பதும் கூடாது. நான் கையாண்ட ஒப்பந்தங்களில் இந்த மூன்றும் ஏதோ ஒரு வடிவில் இல்லாத ஒன்று நினைவுக்கு வரவில்லை. முதல் முறை லாக்இன் செய்யும்போது "ஏற்கிறேன்" என்று ஒரு பெட்டியில் டிக் அடித்திருப்பீர்கள். யாரும் படிப்பதில்லை, நானும் வேறு தளங்களில் படிப்பதில்லை.

எண் ஏன் போடவில்லை? எனக்கும் அந்த எரிச்சல் உண்டு. எண் போட்டால் அதற்கு ஒன்று குறைவாக ஸ்கிரிப்ட் எழுதுவார்கள் என்று நினைக்கிறார்களோ என்னவோ. அதனால் ஒரு நாளைக்கு ஐம்பது இறக்கினால் பாதுகாப்பு என்று யாராவது எழுதியிருந்தால் நம்பாதீர்கள். எண்ணைவிட வேகமும் ஒழுங்கும்தான் மணியடிக்க வைக்கும். ஒரு மாணவர் ஒரே மதியத்தில் எண்பது கட்டுரை கையால் இறக்கியதை நான் பார்த்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. இன்னொருவர் மேற்கோள் மென்பொருளில் முந்நூறு பதிவுகளைத் தெரிவுசெய்து "முழு உரையைத் தேடு" என்று ஒரே சொடுக்காகச் சொடுக்கினார், பத்து நிமிஷத்தில் தடை வந்தது. ஜோட்டெரோ, எண்ட்நோட் இரண்டிலும் அந்த வசதி உண்டு. அவர் ஸ்கிரிப்ட் என்ற சொல்லைக்கூடக் கேள்விப்பட்டதில்லை, பாவம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, இதை யாரும் பேசுவதில்லை. ஒவ்வோர் இதழும் எத்தனை முறை பயன்பட்டது என்று பதிப்பகங்கள் கவுன்டர் என்ற பொது விதிமுறைப்படி எங்களுக்கு அறிக்கை தரும். ஒரே கட்டுரையை ஒருவர் முப்பது விநாடிக்குள் இரண்டு முறை சொடுக்கினால் ஒன்றாகத்தான் எண்ண வேண்டும் என்கிற அளவுக்கு நுணுக்கமான விதி அது. அந்த எண்ணை வைத்துத்தான் எந்த இதழைத் தொடர்வது, எதை வெட்டுவது என்று முடிவு செய்கிறோம். ரோபோ இறக்கங்களைக் கழிக்க வேண்டும் என்பதும் விதிதான். ஆனால் கழியாமல் போனால், யாருமே படிக்காத ஓர் இதழ் ஒரு ராத்திரியில் எங்கள் "அதிகம் படிக்கும்" பட்டியலில் ஏறி உட்காரும். அடுத்த பேச்சுவார்த்தையில் பதிப்பக விற்பனையாளர் அதையே எங்கள் முன் விரித்து வைப்பார். உண்மையிலேயே படிக்கிற வேறோர் இதழுக்குக் கத்தி விழும்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. இன்றைக்கே நூலகத்துக்குப் பதில் எழுதுங்கள், தற்காப்பு வேண்டாம். நான்தான் செய்தேன், என் பாஸ்வேர்டு திருடுபோகவில்லை, ஆய்வுக்காக இந்த ஸ்கிரிப்டை இத்தனை மணிக்கு ஓட்டினேன், கோப்புகள் என் கணினியில் மட்டும் இருக்கின்றன. இதுதான் அவர்களுக்கு வேண்டும். "பாஸ்வேர்டு திருடுபோகவில்லை" என்ற வரி முக்கியம், ஏனென்றால் எங்களுக்கு முதலில் வரும் சந்தேகம் அதுதான். பதிப்பகத்துக்கு நூலகம் எழுத வேண்டிய கடிதம் அநேகமாக நான்கு வரிதான்: ஆளைக் கண்டுபிடித்தோம், பேசினோம், கோப்புகளை அழித்துவிட்டார், இனி நடக்காது. அது போனதும் பெரும்பாலும் ஓரிரு நாளில் கதவு திறந்துவிடும். நீங்கள் தாமதிக்கிற ஒவ்வொரு மணி நேரமும் அந்த இரண்டு ஆய்வேட்டுக்காரர்களின் மணி நேரம். கோப்புகளை அழிக்கச் சொன்னால் அழித்துவிட்டு, அழித்தேன் என்று எழுத்தில் சொல்லுங்கள். அப்புறம், உங்கள் வழிகாட்டிக்கு நூலகம் சொல்லுமுன் நீங்கள் சொல்லிவிடுங்கள்.

தெருமுனைக்கு: நண்பர் ஐடியில் நுழைந்தால் லாகில் மாட்டுவது நண்பர். அதைவிட முக்கியம், இன்னொருவர் பாஸ்வேர்டில் வேறு ஊரிலிருந்து மொத்தமாக இறக்குவது எங்கள் கண்ணுக்கு அச்சு அசல் திருட்டு மாதிரியே இருக்கும், காரணம் திருடர்கள் செய்வது அதையேதான். 2018 மார்ச்சில் அமெரிக்க நீதித்துறை ஈரானைச் சேர்ந்த ஒன்பது பேர் மீது ஒரு குற்றப்பத்திரிகையை வெளியிட்டது. பாதிக்கப்பட்டவை அமெரிக்காவில் 144 பல்கலைக்கழகங்கள், வேறு 21 நாடுகளில் 176. பேராசிரியர்களுக்குப் போலி மின்னஞ்சல் அனுப்பிப் பாஸ்வேர்டு பறித்து, அதை வைத்து நூலகக் களஞ்சியங்களை அள்ளினார்கள் என்பது வழக்கு. அந்த பாஸ்வேர்டு மின்னஞ்சலையும் சம்பளப் பட்டியலையும்கூடத் திறக்கிற அதே பாஸ்வேர்டு. சும்மா கிடைக்கிற தளத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. உங்கள் நூலகக் கணக்கை அதற்குக் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

பதிப்பகங்களின் விலை அநியாயம் என்பதில் உங்களுக்கும் எனக்கும் பேதமில்லை. ஆரன் ஸ்வார்ட்ஸ் பெயர் கேட்டிருப்பீர்கள். 2010 செப்டம்பர் முதல் 2011 ஜனவரி வரை அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக வலையமைப்பில் ஒரு மடிக்கணினியைச் செருகி, ஜேஸ்டோர் என்ற மின்னிதழ்க் களஞ்சியத்திலிருந்து நாற்பது லட்சத்துக்கும் மேல் கட்டுரைகளை இறக்கியவர். ஜேஸ்டோர் பிரதிகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு தன் பக்கம் விட்டுவிட்டது. அரசுத் தரப்பு வழக்கை விடவில்லை, 2013 ஜனவரியில் 26 வயதில் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த வழக்கு கொடுமை என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் என் மேசையிலிருந்து பார்க்கும்போது அதில் இன்னொரு வரியும் கண்ணில் படும்: 2010 அக்டோபரில் சில நாள்கள் எம்ஐடி முழுவதற்கும் ஜேஸ்டோர் அணுகலை நிறுத்தியது. அந்த நாள்களில் அங்கே யாரோ ஒருவர் ஒரே ஒரு கட்டுரைக்காகக் காத்திருந்திருப்பார்.

கடைசியாக ஒரு கேள்வி. அந்த 1,124-ஐ நீங்கள் படிக்கப் போகிறீர்களா, இல்லை நிரலிடம் கொடுத்துச் சொற்களை எண்ணப் போகிறீர்களா? இரண்டுக்கும் வழி வேறு.

இரவுப்பறவை எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. நூலகத்துக்கு எழுதிவிட்டேன். வழிகாட்டியிடமும் சொல்லிவிட்டேன். திட்டவில்லை, "ம்" என்றார், அதுதான் பயமாக இருக்கிறது.

முதல் பதிவில் ஒன்றை விழுங்கிவிட்டேன். ஆசிரியர் குழுப் பட்டியல் என்று நீங்கள் எழுதியதும் முகம் சுட்டது. என் கோப்புறையைத் திறந்து பார்த்தேன், பதினேழு ஆசிரியர் குழுப் பட்டியல் இருக்கிறது. இறக்கியதில் தேடல் பட்டியலில் இருந்தவை உண்மையில் 612 தான். மிச்சம் 512-ம் என் துறையின் முக்கிய இதழ் ஒன்றின் பத்து ஆண்டுத் தொகுதிகள். ஸ்கிரிப்ட் இருக்கிறதே, கையோடு எடுத்து வைத்தால் பின்னால் உதவுமே என்று நினைத்தேன்.

படிக்கத்தான். எண்ண இல்லை.

பழையசாவி எழுதியது:

ஐயா இல்லை, அக்கா. பரவாயில்லை, மின்வளப் பிரிவு என்றாலே எல்லோருக்கும் ஐயாதான் கண்ணில் வருகிறார்.

"பின்னால் உதவும்" என்பதுதான் இந்த வழக்குகளில் நான் அதிகம் கேட்ட சொல். ஒப்பந்தத்தில் அதற்குப் பெயர் "கணிசமான பகுதி". பின்னால் தேவைப்படும்போது அந்த இதழ் அங்கேயே இருக்கும். பல ஒப்பந்தங்களில், சந்தா நின்ற பிறகும் காசு கட்டிய ஆண்டுகளின் இதழ்களைப் பார்க்கும் உரிமை தொடரும். உங்கள் மடிக்கணினி அவ்வளவு நாள் உயிரோடு இருக்காது.

படிக்கத்தான் என்றால் 612 பிடிஎஃப் உங்களுக்குத் தேவையே இல்லை. சிஸ்டமேட்டிக் ரிவ்யூ எழுதுகிறீர்கள், பிரிஸ்மா ஓட்டப்படம் (கட்டுரைகளை எப்படித் தேடி வடிகட்டினோம் என்று காட்டும் படம்) போட்டே ஆக வேண்டும். அதில் எத்தனை பதிவு கிடைத்தது, தலைப்பும் சுருக்கமும் பார்த்து எத்தனையைக் கழித்தோம், முழு உரைக்கு எத்தனையைத் தேடினோம் என்று வரிசையாகப் பெட்டிகள் இருக்கின்றன. முழு உரை வருவது வடிகட்டிய பிறகு. சுருக்கங்களைக் கோப்பாக ஏற்றுமதி செய்யத் தரவுத்தளங்களே பொத்தான் வைத்திருக்கின்றன, அதற்கு யாரும் மணியடிக்க மாட்டார்கள். வடிகட்டியபின் மிஞ்சுவதைக் கையால், படிக்கப் படிக்க இறக்குங்கள். அதில் சில, யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுகல் கட்டுரையாகவும் இருக்கும். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தோடு வந்தவற்றை அதன் நிபந்தனைப்படி நகலெடுத்துப் பகிரலாம். ஆனால் அவையும் அதே தளத்தில்தான் இருக்கின்றன, ஸ்கிரிப்ட் வைத்துத் தளத்தை இடித்தால் அதே தடைதான்.

எண்ணத்தான் என்றால் சொல்லியிருப்பேன்: முதலில் நூலகத்தைக் கேளுங்கள். சில பதிப்பகங்கள் இப்படி நிரல் வைத்து உரையை அலசும் உரைத்தரவு ஆய்வுக்கென்றே ஏபிஐ (நிரல்கள் முறைப்படி நுழைந்து எடுத்துக்கொள்ளும் வாசல்) வைத்திருக்கின்றன, சாவி வாங்கிக்கொண்டு அவர்கள் சொல்கிற வேகத்தில் எடுக்கலாம். பிரிட்டனில் 2014 முதல், வணிக நோக்கமில்லாத ஆய்வுக்கு இப்படி நகலெடுப்பதை ஒப்பந்தத்தால்கூடத் தடுக்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 ஆணையிலும் ஆய்வு நிறுவனங்களுக்கு அப்படி ஒரு விலக்கு இருக்கிறது. ஆனால் அங்கேயும் சர்வரைக் காப்பாற்றிக்கொள்ளும் நடவடிக்கை எடுக்கப் பதிப்பகத்துக்கு உரிமை உண்டு, அதனால் இரண்டு விநாடி ஸ்கிரிப்டுக்கு அங்கேயும் வரவேற்பு இருக்காது.

கரும்பலகை எழுதியது:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் பாடம் நடத்துகிறவன். ஒவ்வொரு பருவமும் இருபது முப்பது கட்டுரைகளை பிடிஎஃப் ஆக வகுப்புத் தளத்தில் ஏற்றிவிடுவேன், வகுப்பின் வாட்ஸப் குழுவிலும் போடுவேன். எல்லோரும் எங்கள் மாணவர்கள்தான், எல்லோருக்கும் நூலக அணுகல் இருக்கிறது. இதிலும் வில்லங்கம் உண்டா?

பழையசாவி எழுதியது:

கரும்பலகை சார், பாஸ்வேர்டு போட்டு நுழையும் வகுப்புத் தளத்தில் ஏற்றுவதைச் சில ஒப்பந்தங்கள் அனுமதிக்கும், பருவம் முடிந்ததும் எடுத்துவிட வேண்டும் என்று சொல்லும். சில அனுமதிக்காது. வாட்ஸப் குழுவில் போட்டால் அது யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லை. படிப்பை விட்டுப் போன மாணவர் அந்தக் குழுவை விட்டுப் போவதில்லை, இல்லையா?

இணைப்பு கொடுங்கள். எல்லா ஒப்பந்தத்துக்கும் ஒத்துவரும் வழி அதுதான். உலாவியின் முகவரிப் பட்டையில் இருப்பதை அப்படியே நகலெடுத்துக் கொடுக்காதீர்கள். அதில் பலமுறை உங்கள் அமர்வின் அடையாளம் ஒட்டிக்கொண்டிருக்கும், உங்களுக்குத் திறக்கும், மாணவருக்கு ராத்திரி பதினொன்றுக்குத் திறக்காது. கட்டுரையின் டிஓஐ இணைப்பை (doi.org என்று வரும் நிரந்தர முகவரி) எடுத்து, முன்னால் உங்கள் நூலகத்தின் பிராக்ஸி முன்னொட்டைச் சேர்த்துக் கொடுங்கள். எப்படி என்று நூலகத்தில் கேட்டால் ஐந்து நிமிஷத்தில் காட்டுவார்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு. கட்டுரைக்குத் திருத்தம் வந்தாலோ, அது திரும்பப் பெறப்பட்டாலோ, இணைப்பு வழியாகப் போகிறவருக்கு அந்த அறிவிப்பு தெரியும். மூன்று வருஷத்துக்கு முன் நீங்கள் ஏற்றிய பிடிஎஃப்-க்கு அது தெரியாது. ஒருவர் திரும்பப் பெறப்பட்ட கட்டுரையைத் தொடர்ந்து நான்கு பருவம் பாடம் நடத்தினார், நல்ல ஆசிரியர்தான்.

மின்னூலாக இருந்தால் ஒரு நேரத்தில் எத்தனை பேர் திறக்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒருவர், மூவர், வரம்பில்லை என்று உரிமம் பலவகை. மூவர் உரிமம் உள்ள நூலை அறுபது பேர் வகுப்புக்குக் கொடுத்தால், தேர்வுக்கு முந்தின ராத்திரி நான்காவது ஆளுக்கு "நூல் பயன்பாட்டில் உள்ளது" என்று வரும். அந்த முதல் மூவரில் ஒருவர் சாளரத்தைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பார். பருவம் தொடங்குமுன் சொன்னீர்களானால் உரிமத்தை உயர்த்தப் பார்ப்போம்.

இரவுப்பறவை எழுதியது:

அக்கா, இன்னும் இரண்டே கேள்வி. போன வருஷம் படிப்பு முடித்துப் போன சீனியர் ஒருவர் என் ஐடியை அவ்வப்போது கேட்பார், கொடுத்திருக்கிறேன். அவருக்கு என்ன சொல்வது? இரண்டாவது, வடிகட்டி மிஞ்சும் கட்டுரைகளை ஏஐ கருவியில் ஏற்றிச் சுருக்கம் கேட்கலாமா?

பழையசாவி எழுதியது:

முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள், பிறகு சீனியருக்குச் சொல்லுங்கள். அவருக்கு வேறு வழிகள் இருக்கின்றன. சில நூலகங்கள் பழைய மாணவர்களுக்கென்றே ஒன்றிரண்டு தொகுப்புகளைத் தனியாக வாங்கி வைத்திருக்கும். நேரில் வந்து நூலகக் கணினியில் படிக்க முடியுமா என்று கேட்கலாம். ஆசிரியர்கள் தாங்களே ஏற்றிவைத்த பிரதியைத் தேடித் தரும் அன்பேவால் நீட்சியை உலாவியில் போட்டுக்கொள்ளலாம். எதுவும் இல்லையென்றால் கட்டுரையாளருக்கே ஒரு மின்னஞ்சல், பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு அனுப்புவார்கள். அவருக்காக நீங்கள் ஒரு கட்டுரையை எடுத்து அனுப்பலாமா என்று கேட்பீர்கள். கூட ஆய்வு செய்கிற வெளியாளுக்கு எப்போதாவது ஒன்றை அனுப்புவதைப் பல ஒப்பந்தங்கள் அனுமதிக்கின்றன. நீங்களே அவருக்கு நூலகமாகிவிடுவதைத்தான் அனுமதிப்பதில்லை.

ஏஐ கேள்விதான் இப்போது எங்களுக்கே தலைவலி. பழைய ஒப்பந்தங்களில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் கட்டுரையை மூன்றாம் தரப்பிடம் கொடுக்கக் கூடாது என்ற வரி இருக்கிறது, அந்தக் கருவி மூன்றாம் தரப்பு. புதிதாக வருகிற ஒப்பந்தங்களில் தனியாகவே எழுதுகிறார்கள், பதிப்பகத்துக்குப் பதிப்பகம் வேறுபடுகிறது. ஏற்றியதை வைத்துக்கொள்ளாத, பயிற்சிக்கு எடுக்காத கருவி என்றால் சரி என்கிறவர்கள் இருக்கிறார்கள், எதுவானாலும் கூடாது என்கிறவர்களும் இருக்கிறார்கள். உங்கள் பல்கலைக்கழகமே வாங்கித் தந்த கருவி ஏதாவது இருந்தால், எந்தெந்தப் பதிப்பகக் கட்டுரைக்கு அது செல்லும் என்று நூலகத்தைக் கேளுங்கள். நீங்கள் இருக்கிற நிலைமையில், கேட்காமல் ஏற்றாதீர்கள் அம்மா.

இரவுப்பறவை எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், யாராவது இதே தேடலில் இங்கே வந்தால் உதவுமே என்று.

பதிப்பகம் மறுநாள் மாலையே எங்கள் பல்கலைக்கழகத்துக்குத் திறந்துவிட்டது. என் கணக்கு ஒன்பது நாள் முடங்கியிருந்தது. நூலகத்தில் கூப்பிட்டு அரைமணி நேரம் பேசினார்கள், ஒரு பக்கத்தில் கையெழுத்து வாங்கினார்கள். லாகையும் காட்டினார்கள். 1:31:04-ல் தொடங்கவில்லை, 1:33-ல் தொடங்கியது, மற்றபடி அக்கா சொன்ன அதே கடிகாரம்தான். 1,124-ஐயும் அழித்தேன். ஆய்வேடு சமர்ப்பித்த இருவரில் ஒருவர் இன்னும் என்னைப் பார்த்தால் "இன்றைக்கு இணைப்பு இருக்கிறதா?" என்றுதான் கேட்கிறார்.

மற்ற பதிப்பகங்களில் இருந்தவையும் சேர்த்து, தேடல் பட்டியலின் சுருக்கங்கள் எல்லாவற்றையும் நானும் தோழியும் தனித்தனியாக வடிகட்டினோம். மிஞ்சியது 97. அதில் 86 எங்கள் சந்தாவிலேயே இருந்தது, ஒரு நாளைக்குப் பத்து என்று படித்துக்கொண்டே இறக்கினேன். 11 எங்களிடம் இல்லாத இதழ்கள், நூலகங்களுக்கிடையே இரவல் கேட்டு விண்ணப்பித்தேன். பத்து வந்துவிட்டன. வந்ததில் ஒன்று பழைய அச்சுத் தொகுதியிலிருந்து ஸ்கேன் செய்தது, நான்காம் பக்கத்தின் ஓரத்தில் புத்தகத்தை அழுத்திப் பிடித்திருந்தவரின் கட்டைவிரல் பதிந்திருக்கிறது. அட்டவணையில் ஒரு எண்ணை மறைக்கிறது. அந்தப் பக்கத்தை மட்டும் மறுபடி கேட்டிருக்கிறேன்.